ஓய்வூதியர்களின் அடையாள எண்களைப் பிழையின்றித் திரட்டுவது எப்படி? செட்டிநாட்டுச் சங்கத் தொண்டர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் ஓய்வூதியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களை அவ்வப்போது தேடி வரும் பணி ஒன்று உண்டு. உங்கள் பகுதி ஓய்வூதியர்களின் பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் பி.பி.ஓ. எண்ணுக்கு, அதாவது ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணுக்கு, எதிரே எழுதிப் பட்டியலாகக் கொடுங்கள் என்று கருவூலத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ கேட்பார்கள். நாலு தாளை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வந்தால் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய ஓய்வூதியத்தில் பிடித்த வரி வேறொருவர் கணக்கில் போய் நிற்கும். ஓர் இலக்கம் மாறினால் உயிர்வாழ்ச் சான்று ஏறாமல் அடுத்த மாதத் தொகை நின்றுவிடும். அந்தத் தொகையில்தான் மாத்திரை வாங்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் முதியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இந்தப் பணியைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், எங்கே தவறு நேர்கிறது, அதை முன்கூட்டியே எப்படித் தடுப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற் படி: ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ளுதல்

ஓய்வூதியர் என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் அழைத்தாலும், அவர்களுக்குப் பணம் வரும் வழிகள் வெவ்வேறு. மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர், வருவாய்த் துறையினர், காவல் துறையினர் போன்றோரின் பொறுப்பு கருவூலத்துக்கும் சார்கருவூலத்துக்கும் உரியது. மத்திய அரசுக் குடிமைப் பணியாளருக்கு வங்கியின் மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையம் கணக்கிட்டு அனுப்புகிறது. உள்ளூர்க் கிளை மனுவை வாங்கி அனுப்பும் இடம் மட்டுமே. படைவீரர்களுக்கு ஸ்பர்ஷ் என்ற தனி இணையவழி ஏற்பாடு உண்டு. ரயில்வேயில் பணிபுரிந்தவர்கள் தனி. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறுபவர்கள் தனி. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அந்நிறுவனம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது என்பதால் மாநிலக் கருவூலத்துக்கு அவர்களோடு தொடர்பில்லை.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடப்பதையும் மறக்கக் கூடாது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, ராயவரமும் கோனாபட்டும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. ராயவரத்தில் குடியிருப்பவர் கடைக்கும் மருத்துவமனைக்கும் காரைக்குடிக்கு வருவார் என்பதற்காக அவருடைய பெயரைக் காரைக்குடிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்தத் தாள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். ஆகவே குடியிருக்கும் ஊரைப் பார்த்துப் பிரிக்காமல், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

வருவாய்த் துறை வழங்கும் முதியோர் உதவித்தொகையையும் மக்கள் ஓய்வூதியம் என்றே சொல்கிறார்கள். அது பணி ஓய்வூதியமன்று. அதற்குக் கொடுப்பாணையும் கிடையாது. அத்தகையவர் ஆவலோடு தாளை நீட்டினால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழி சொல்லி, எண் எதையும் எழுதி வாங்காமல் அனுப்புவதே முறை.

இரண்டாம் படி: எந்த எண், எதற்காக

பி.பி.ஓ. எண் என்று நாம் சொல்வது ஓய்வூதியக் கொடுப்பாணையின் எண். பணியாளர் ஓய்வு பெறும்போது ஒரு முறை வழங்கப்படும் அது, அவருக்குப் பின் துணைவர் குடும்ப ஓய்வூதியம் பெறும் காலத்திலும் தொடர்கிறது. மத்திய அரசுக் குடிமை ஓய்வூதியருக்கு இது 12 இலக்கம் கொண்டது. முதல் 5 இலக்கம் ஆணையை வழங்கிய அலுவலகத்தையும், அடுத்த 2 ஆண்டையும், அதன்பின் வரும் 4 வரிசை எண்ணையும் குறிக்க, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. மாநில அரசின் எண் அமைப்பு வேறு. அதில் வரும் எழுத்தையும் சாய்கோட்டையும் ஆணையில் உள்ளபடியே விடாமல் எழுத வேண்டும்.

ஆதார் எண்ணும் 12 இலக்கம். வைப்பு நிதி உறுப்பினரின் பொது எண்ணும் 12 இலக்கம். புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் நிலையான ஓய்வூதியக் கணக்கு எண்ணும் 12 இலக்கம். நான்கும் ஒரே நீளமாக இருப்பதால் ஒன்றின் கட்டத்தில் மற்றொன்றை எழுதுவது மிக எளிதாக நேரும் பிழை. ஆதார் எண் 0 அல்லது 1 என்ற இலக்கத்தில் தொடங்காது என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பிழையை அங்கேயே பிடித்துவிடலாம்.

பான் எண்ணின் அமைப்பைத் தொண்டர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதில் மொத்தம் 10 இடங்கள். முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் ஆங்கில எழுத்து, ஆறாம் இடம் முதல் ஒன்பதாம் இடம் வரை இலக்கம். எனவே முதல் ஐந்து இடங்களுக்குள் வட்டமாக எது தெரிந்தாலும் அது 'ஓ' என்னும் எழுத்தே. நடு நான்கு இடங்களில் தெரிந்தால் அது சுழியமே. ஐ எழுத்தும் 1 என்ற இலக்கமும், எஸ் எழுத்தும் 5 என்ற இலக்கமும், பி எழுத்தும் 8 என்ற இலக்கமும் குழம்பும் இடங்களை இதே விதி தீர்த்துவிடும்.

நான்காம் எழுத்தை நம் பகுதியில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தனிநபருக்கு அந்த இடத்தில் பி என்ற எழுத்து வரும். இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு எச் என்ற எழுத்து வரும். கூட்டுக் குடும்பப் பெயரில் தனிப் பான் வைத்திருக்கும் வீடுகள் செட்டிநாட்டில் உண்டு. பெட்டகத்தைத் திறந்து முதலில் கைக்கு அகப்பட்ட அட்டையை எடுத்துக் கொடுக்கும் பெரியவருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. நான்காம் எழுத்து பி என்று இல்லாவிட்டால், "ஐயா, இது குடும்பத்து அட்டை, உங்கள் பெயருக்கு உள்ளதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். ஐந்தாம் எழுத்து, அட்டைக்குரியவரின் பெயரில் கடைசிப் பெயராகப் பதிவானதன் முதலெழுத்து.

வங்கிக் கணக்கு எண்ணோடு, வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கேட்கிறார்கள். 11 இடங்கள் கொண்ட அதில் ஐந்தாம் இடம் எப்போதும் சுழியம். 2020இல் பல பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தபின் பழைய குறியீடுகள் மாறிவிட்டன. ஆகவே பழைய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தை நம்பாமல், புதிதாகப் பதிவு போட்ட புத்தகத்தையே பார்க்க வேண்டும்.

எண்களோடு பிறந்த தேதியையும் சேர்த்து வாங்குங்கள் என்பது என் வற்புறுத்தல். 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100 வயதில் 100 விழுக்காடும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. குடும்ப ஓய்வூதியருக்கும் இது பொருந்தும். பல ஆச்சிமாரின் பிறந்த தேதி கணவரின் பழைய ஆணையில் குறிக்கப்படாமலேயே இருப்பதால், வயது நிறைந்தும் கூடுதல் தொகை வராமல் போகிறது. எண் கேட்கப் போன இடத்தில் இதையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி.

மூன்றாம் படி: எதை வற்புறுத்தலாம், எதை வற்புறுத்தக் கூடாது

பணி ஓய்வூதியம் வருமான வரிச் சட்டத்தில் சம்பளத் தலைப்பின் கீழ் வருகிறது. வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் உள்ளவர் பான் எண் கொடுக்காவிட்டால், கணக்கிட்ட சராசரி விகிதம் அல்லது 20 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அதைப் பிடிக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 206ஏஏ பிரிவு கூறியது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு உரியது என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறினாலும், பான் இல்லாதவருக்குக் கூடுதல் பிடித்தம் என்ற கருத்து மாறவில்லை. வரி வரம்புக்குக் கீழே உள்ளவரிடம் போய், பான் கொடுக்காவிட்டால் 20 விழுக்காடு போய்விடும் என்று அச்சுறுத்துவது தவறு. அவருடைய ஓய்வூதியத்தில் அத்தகைய பிடித்தம் கிடையாது. ஆனால் வைப்புத்தொகை வட்டியின் கதை வேறு. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியிலிருந்து வரும் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் அது 20 விழுக்காடாகும். பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் உறுதிமொழிப் படிவமும் செல்லத்தக்க பான் இல்லாமல் செல்லாது.

ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்ததாகக் கருதப்படுகிறது. செயலிழந்த பானும் இல்லாத பானும் ஒன்றுதான். 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்தால் அது மறுபடி உயிர் பெறும். ஆனால் 80 வயது நிறைந்தவர்களுக்கும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இந்த இணைப்புக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பல கிளைகளில் எடுத்துச் சொன்ன பிறகே ஏற்றுக்கொள்கிறார்கள். இணைந்திருக்கிறதா என்பதை வருமான வரித் துறையின் இணையத்தளத்தில் பயனர் கணக்குக்குள் நுழையாமலேயே பார்க்கலாம். பானே இல்லாதவர் ஆதாரில் கைப்பேசி எண்ணைப் பதிந்திருந்தால், அதே தளத்தில் கட்டணமின்றி மின்-பான் பெறலாம். இதற்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஆதாரைப் பொறுத்தவரை நாம் இன்னும் நிதானமாக நடக்க வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் அளித்த தீர்ப்பில், அரசுப் பணியாளர் உழைத்து ஈட்டிய ஓய்வூதியத்தை ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவில் சொல்லப்படும் நலத்திட்டப் பயன் என்று கொள்ள முடியாது, அது அவருடைய உரிமை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தெளிவுபடுத்தினார்கள். ஓய்வூதியம் கருணைத் தொகையன்று, உரிமை என்பதை 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கிலேயே அந்நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நாளைத்தான் நம் சங்கங்கள் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன. 2021 மார்ச்சில் வெளியான விதிகளின்படி ஜீவன் பிரமாண் மின்னணு உயிர்வாழ்ச் சான்றுக்கும் ஆதார் விருப்பத்துக்கு உரியதே. ஆகவே ஆதார் தர விரும்பாதவரிடம் வழக்கமான தாள் சான்றின் வழியை எடுத்துச் சொல்லி, பட்டியலில் "விருப்பமில்லை" என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற சொல்லை எந்தத் தொண்டரும் வாயில் எடுக்கக் கூடாது.

நான்காம் படி: பதிவேடு

கணினியில் நேரடியாக ஏற்றுவதைவிட முதலில் தாள் பதிவேட்டில் எழுதுவதையே நான் விரும்புகிறேன். எண்களுக்குக் கட்டம் போட்ட தாள் தேவை. பானுக்கு 10 கட்டம், ஆதாருக்கு நான்கு நான்காகப் பிரித்த 12 கட்டம். பெயருக்கு ஒரு கட்டம் போதாது. ஆணையில் உள்ள பெயர், பானில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், பாஸ்புத்தகத்தில் உள்ள பெயர் ஆகிய நான்கையும் தனித்தனியே, அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எழுத இடம் விடுங்கள். நாம் திரட்டுவது எண் என்றாலும், பின்னால் திருப்பி அனுப்பப்படும் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை பெயர் பொருந்தாததால் வருகின்றன.

பதிவேட்டின் முதல் பக்கத்தில், எந்த அலுவலகம் எந்தத் தேதியில் எதற்காகக் கேட்டது என்பதை எழுதி, அந்தக் கடிதத்தின் நகலையும் ஒட்டிவையுங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. அதற்கு முன்பும், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் ஒருவருடைய எண்ணை வாங்குவது நாணயமான செயலாக இருந்ததில்லை.

ஐந்தாம் படி: வீட்டுக்குப் போய் எழுதுதல்

கூட்டம் கூட்டி ஒரே நாளில் முடிப்பதைவிட வீடு வீடாகப் போவதே நல்லது. கூட்டத்தில் பெரியவர்கள் நகலைக் கொண்டுவருவார்கள். அதுவும் நகலின் நகலாக இருக்கும். வீட்டில் என்றால் முகப்பில் உட்கார்ந்து, மூல ஆவணத்தைப் பார்த்து எழுதலாம். முன்னாளே தகவல் சொல்லி, கொடுப்பாணை, பான் அட்டை, ஆதார், பாஸ்புத்தகம் நான்கையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உள்கட்டில் பெட்டகத்துக்கு அடியில் இருக்கும் தாளை நம் எதிரில் குனிந்து தேட வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதானால் தாள்களுக்கு நெகிழி உறை கட்டாயம்.

இருவராகப் போங்கள். ஒருவர் ஆவணத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பிறகு எழுதியவர் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, சொன்னவர் ஆவணத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றிய தொகையை மறுபடி சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஐந்தொகை எடுத்த ஊர் இது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. ஓய்வூதியர் நினைவிலிருந்து சொல்லும் எண்ணை, எத்தனை உறுதியாகச் சொன்னாலும், எழுதாதீர்கள்.

முடித்தபின் எழுதிய வரியை அவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ பெற்று, எந்தெந்த எண்களை வாங்கினோம் என்று குறித்த துண்டுச் சீட்டை அவரிடம் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில் கேட்கும்போது அந்த முதியவருக்குச் சொல்வதற்கு ஒரு சான்று கையில் இருக்கும்.

ஆறாம் படி: விலாசமும் பெயரும்

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் மூன்று, நான்கு தலைமுறை முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் விலாசமாக நிற்கும். மெ.சித.ராம. என்பது போன்ற விலாசம், தமிழில் சித., ராம. என்று இரண்டிரண்டு எழுத்தாகவும், ஆங்கிலத்தில் சில இடங்களில் ஒற்றை எழுத்தாகவும், சில இடங்களில் இரட்டை எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். பழைய பணிப் பதிவேட்டிலும் கொடுப்பாணையிலும் முழு விலாசம் இருக்கும். வங்கியில் இரண்டெழுத்து மட்டும் இருக்கும். பானிலோ முதலெழுத்துகளை வெறுமனே விடாமல் விரித்தெழுத வேண்டும் என்பது விதியாகையால், தந்தையின் பெயர் முழுமையாகப் பெயரோடு சேர்ந்து நிற்கும். ஆதாரில் விலாசமே இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. நால்வர் போலத் தோன்றும் அந்த நான்கு பதிவுகளும் ஒரே ஆளுடையவை.

இதில் எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. மெய்யப்பன் என்ற பெயரின் நடுவே ஒருவர் இரண்டு ஒய் எழுத்து போடுவார், மற்றொருவர் ஐ எழுத்து போடுவார். நம் பக்கத்தில் லெட்சுமணன் என்று ஒலிப்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிய ஆவணமும், லட்சுமணன் என்று திருத்தி எழுதிய ஆவணமும் ஒரே வீட்டில் இருக்கும். செட்டியார், ஆச்சி என்ற சொற்கள் பழைய ஆணைகளில் பெயரின் பகுதியாகவே ஏறியிருக்கும். பிற சமூகத்தாரிடமும், தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் இதே குழப்பம் உண்டு.

அதற்காக எல்லா ஆவணங்களையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்ப வேண்டாம். முதலில் வேறுபாட்டைத் தரம் பிரியுங்கள். பானையும் ஆதாரையும் இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. அவ்விரண்டும் ஏற்கெனவே இணைந்திருந்தால், கொடுப்பாணையில் விலாசம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் தடையாகாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஓய்வூதியர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தைப் பட்டியலோடு இணைத்தால் போதும். பிறந்த தேதி மாறுபட்டால் மட்டும் திருத்தம் கட்டாயம் தேவைப்படும். அப்போது பணிப் பதிவேட்டின்படி கொடுப்பாணையில் உள்ள தேதியை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் பானையும் அதற்கேற்பத் திருத்துவதே எளிது. கொடுப்பாணையைத் திருத்தக் கிளம்பினால் கடைசியாகப் பணிபுரிந்த அலுவலகம், மாநிலக் கணக்காயர் அலுவலகம் என்று நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: குடும்ப ஓய்வூதியர்

கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களின் பதிவுகளில்தான் பட்டியல் அதிகமாகத் தவறுகிறது. காரணம் எளிது. பி.பி.ஓ. எண் கணவர் காலத்து எண். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். இரண்டு வகையையும் கலந்து, மறைந்த கணவரின் பானையே மனைவியின் பதிவில் எழுதிவிடுகிறார்கள். கண்டனூர்ப் பக்கத்தில் ஓர் ஆச்சிக்கு இப்படித்தான் நேர்ந்தது. கூட்டுக் கணக்கு அவர் பெயருக்கு மாறியது. ஆனால் அதில் முதலாமவராக இருந்த கணவரின் பான் மாறாமல் நின்றது. சில ஆண்டுகளாக வைப்பு வட்டியில் பிடித்த வரியெல்லாம் இறந்தவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்பப் பெற அவர் அலைந்த அலைச்சலை நேரில் பார்த்தபின், குடும்ப ஓய்வூதியரின் பானில் உள்ள பெயரை நானே இரண்டு முறை வாசிக்காமல் தாளை மூடுவதில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பான் அட்டையில் திருமணமான பெண்ணுக்கும் தந்தையின் பெயர்தான் அச்சாகும். ஆணையில் கணவர் பெயரும் அட்டையில் தந்தை பெயரும் இருப்பதைப் பார்த்து, இது வேறு ஆளின் அட்டை என்று அனுபவமில்லாத தொண்டர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அது இயல்பான வேறுபாடு. திருத்த வேண்டிய பிழையன்று. பதிவேட்டில் தந்தை பெயர், கணவர் பெயர் என இரண்டு கட்டங்கள் இருந்தால் இந்தக் குழப்பம் எழாது.

குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, பிற வருவாய்த் தலைப்பில் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது குறிப்பிட்ட உச்சவரம்பு, எது குறைவோ அது கழிவாகும். அந்த உச்சவரம்பு பழைய வரி முறையில் 15,000 ரூபாய், புதிய வரி முறையில் 25,000 ரூபாய். இதைச் சொல்லிவைத்தால், கணக்குத் தாக்கல் செய்யும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

எட்டாம் படி: வெளியூரிலும் படுக்கையிலும் இருப்பவர்கள்

சென்னையில் மகன் வீட்டிலும் சிங்கப்பூரில் மகள் வீட்டிலும் ஆண்டில் பாதியைக் கழிப்பவர்கள் பலர். அவர்களுக்காகப் பட்டியலைத் தை மாதம் வரை திறந்து வைத்திருங்கள். பொங்கலுக்கு வீட்டைத் திறப்பவர்கள் அநேகம். ஆனால் நிதியாண்டு முடியும் முன் வரிப் பிடித்தத்தைச் சரிக்கட்டும் பிப்ரவரிக்கு முன்பே தாள் போய்ச் சேர வேண்டும். நேரில் வர இயலாதவர் தாமே அலுவலகத்துக்குக் கையொப்பமிட்ட கடிதம் அனுப்பட்டும். பிள்ளைகள் செல்பேசியில் அனுப்பும் படத்திலிருந்து எண்ணை எழுதிக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, உயிர்வாழ்ச் சான்றை அஞ்சல் பட்டுவாடா வங்கியின் மூலம் அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 70 ரூபாய் கட்டணத்தில் வசதி உண்டு. விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் பார்த்துப் பதியும் முறை 2021 நவம்பரில் வந்தது. மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரிலும், அவர்களில் 80 கடந்தவர் அக்டோபர் முதலும் சான்று தரலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு, உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் நேர்காணல் ஓய்வு பெற்ற மாதத்தை ஒட்டி நடக்கும். எண் திரட்டுவதையும் இதையும் ஒரே வருகையில் முடித்தால் முதியவருக்கு ஓர் அலைச்சல் குறையும்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

எண்களைக் கேட்டுப் போகும் நாமே, மோசடிக்காரருக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களாகிவிடக் கூடாது. உயிர்வாழ்ச் சான்றைப் புதுப்பிக்கிறோம் என்று தொலைபேசியில் அழைத்து, பி.பி.ஓ. எண்ணையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லி நம்பவைத்து, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டுக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கும்பல்கள் நாடெங்கும் இருக்கின்றன. எனவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன், "ஆச்சி, நாங்கள் எண்ணை மட்டும்தான் எழுதினோம், ஓ.டி.பி. என்று யார் கேட்டாலும், எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர் இருந்தால், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அப்போதே அழைக்க உதவுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்குவது அரிதாகிவிடும்.

ஆதார் நகல் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கி, எந்த அலுவலகத்துக்காக என்று நகலின் மேலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அட்டையின் படத்தைப் போடச் சொல்வது இன்று பரவலாக இருக்கிறது. சங்கம் அதை உறுதியாகத் தடை செய்ய வேண்டும்.

பத்தாம் படி: ஒப்படைப்பும் சரிபார்ப்பும்

பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணிட்டு, மொத்தம் எத்தனை வரிகள் என்பதைக் கடிதத்திலேயே எழுதி, அலுவலகத்தில் முத்திரையிட்ட ஒப்புகை பெறுங்கள். ஒப்புகை கிடைத்து, பதிவேற்றம் முடிந்ததும் பான், ஆதார் எழுதிய தாள்களைக் கிழித்து எரித்துவிட்டு, பெயர், பி.பி.ஓ. எண், ஒப்படைத்த தேதி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை அத்துடன் முடியவில்லை. மாநில ஓய்வூதியர் களஞ்சியம் செயலியிலும், மற்றவர்கள் தத்தம் வங்கியின் ஓய்வூதியச் சீட்டிலும், தமது பான் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க முடியும். ஜூன் நடுவில் வரிப் பிடித்தச் சான்றிதழ், பலரும் படிவம் 16 என்று அறிந்தது, கைக்கு வரும்போது, அதில் உள்ள பானையும் பெயரையும் அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால், வரியைப் பிடித்த அலுவலகம் தன் காலாண்டு அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் தொகை உரியவர் கணக்கில் வந்து சேரும். ஓய்வூதியர் தாமாக எதையும் திருத்த இயலாது. எனவே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை தெரியும் நாள் வரை பின்தொடருங்கள். தெரிந்தபின் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டைச் சங்கச் செயலரிடம் பூட்டி வைக்கக் கொடுத்துவிடலாம்.